புருவத்தை உயர்த்தினால் போதும்

கிடங்கு மேற்பார்வையாளரின் இரண்டு கைகளிலும் மாவுக்கட்டு. ஆட்களை ஏறவிட்டால் பெட்டியைக் கீழே போட்டுவிடுவார்கள் என்று தானே ஏணியில் ஏறி, பெட்டியைப் பத்திரமாக அணைத்தபடி விழுந்தவர் அவர்.

போனைத் தொடாமலே இயக்க மைத்துனன் வழி செய்து தந்திருந்தான். திரையில் ஒரு நீலக் கட்டம் ஒவ்வொரு பொத்தானாக நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய இடத்துக்கு வரும்போது புருவத்தை உயர்த்தினால் அழுத்தியதாகிவிடும்.

காலையில் மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. திங்கட்கிழமை வந்து சும்மா உட்கார்ந்தால் போதும், இல்லையென்றால் உதவியாளரைப் பொறுப்பில் போடுகிறேன் என்றார். அந்த உதவியாளன் ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கிற ஆளில்லை.

பதில்கள் தயாராக இருந்தன. 'வருகிறேன்' மேல் கட்டம் வந்ததும் புருவத்தை உயர்த்தினார். கட்டம் கண்டுகொள்ளாமல் நகர்ந்தது. அடுத்திருந்த 'வர முடியாது' பட்டென்று போய்விட்டது.

"நெத்தியைச் சுருக்காதீங்க, தலைவலி வரும்," என்றாள், பின்னால் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி. கல்யாணமானதிலிருந்து இவர் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் வீட்டில் இருந்ததில்லை என்பது அவளுடைய தீராத மனக்குறை.

செய்தியை அழிக்கப் பார்த்தார். 'எனக்கு மட்டும் அழி' அழுந்தியது. இனி மேலாளருக்குத் தெரியும், இவருக்குத்தான் தெரியாது. நேரில் பேசிவிடலாம் என்று அழைப்புப் பொத்தானுக்காகக் காத்திருந்தார். அதற்குள் கண்ணீர் விடும் பொம்மை முகம் ஒன்று கிளம்பிப் போனது.

மேலாளர் மனம் இளகிவிட்டார். ஒரு மாதம் முழு ஓய்வு எடுங்கள், உதவியாளர் பார்த்துக்கொள்வார் என்று பதில் வந்தது. இவர் புருவம் சிலையாக நின்றது. 'மிக்க நன்றி' தானாகப் போய்ச் சேர்ந்தது.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவி ஒரு கையால் அவர் கண்ணைத் துடைத்தாள். இன்னொரு கை துணிக் குவியலுக்குள் இருந்தது.

மாலையில் மைத்துனன் வந்தான்.

"உன் போன் என் மானத்தை வாங்கிடுச்சுப்பா. நான் புருவத்தைத் தூக்கினா அது இஷ்டத்துக்கு அழுத்துது."

மைத்துனன் விழித்தான்.

"உங்க கண்ணாடி புருவத்தை மறைக்குதுன்னு அந்தப் புருவ ஏற்பாட்டையே நேத்து எடுத்துட்டேனே அத்தான். நீங்க சொல்ற இடத்துல அழுத்தச் சொல்லி, போனோட சேர்த்த தனிப் பட்டனை அக்கா கையிலதானே குடுத்துட்டுப் போனேன்?"