மீன்வர சாமியும் ஒரு குடம் அயிரையும்

ஆறு செத்து மூன்று வருடம் ஆகிறது. துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை. அதே ஆற்றில் ஒரு சாமியார் மீன் வரவழைக்கிறார் என்றதும் விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். அதே ஆற்றுத் தண்ணீர் பாட்டிலில் ஐம்பது ரூபாய், பெயர் தீர்த்தம்.

மீன்வர சாமி வெள்ளிக்கிழமை காலையில் கரையோரம் பலகை போட்டு நிற்பார். கால் மட்டும் நனையக் கூடாது. அவ்வளவு புனிதமான ஆறு! மணியை ஆட்டுவார். புதரோரம் கறுத்த மீன்கள் துள்ளும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். தண்ணீர் ஊதா நிறத்தில் நாறுவது, அம்மன் புடவை மாற்றியதன் அடையாளமாம். ஆகவே மூக்கைப் பொத்துவதும் பாவமாகிவிட்டது.

இந்த வெள்ளிக்கிழமை இன்னும் விசேஷம். சாயப்பட்டறைக் குழாய் ஆற்றில் விழுவதால்தான் மீன் போயிற்று என்று, கூடையில் மீன் விற்கும் கலையரசி ஊராரிடம் கையெழுத்து வாங்கிக் கலெக்டருக்கு மனு கொடுத்திருந்தாள். மனுவால்தான் அம்மனுக்குக் கோபம் என்று சாமி அருள்வாக்கு சொல்லிவிட்டார். மனுவை வாபஸ் வாங்கும் கடிதத்தைப் பட்டறை மேனேஜர் பூவரசனே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார், பேனாவோடு. பக்தி என்றால் அப்படி இருக்க வேண்டும். மூன்று வருடமாக வலை காய்ந்து கிடக்கும் முத்துசாமிதான் கையெழுத்துப் போட முதலில் குனிந்தார். அவர் போட்டால் ஊரே போடும், குழாய் நிரந்தரமாகிவிடும்.

கலையரசி ஒரு குடத்தோடு குறுக்கே வந்தாள்.

"கொஞ்சம் இரு மாமா. சாமி, குழாய்க்கு மேல, நல்ல தண்ணியில புடிச்ச அயிரை இது. நல்லா நீஞ்சிக்கினு இருக்குது. உங்க தீர்த்தத்துல விடுறேன். பொழைச்சிதுன்னா மொத கையெழுத்து என்னுது."

நாலு பாட்டில் தீர்த்தத்தைக் குண்டானில் ஊற்றி அயிரையை விட்டாள். சாமி மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் அத்தனையும் மல்லாந்துவிட்டன. அயிரைக்குப் பக்தி போதவில்லை என்றார் சாமி. பாதிக் கூட்டம் தலையாட்டியது. என்ன செய்வது, தலை அதற்குத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

கலையரசி கோபப்படவில்லை. புதரோரம் துள்ளிய அன்றைய அற்புத மீன்களை முத்துசாமியின் காய்ந்த வலையால் அள்ளி, கரையில் கொட்டிக் கூறு கட்டினாள்.

"மாமா, நம்ம ஆத்து மீனுன்னா ஒரு கூறுல கெண்டை, குரவை, விரால்னு நாலு கலந்து வரும். பெருசும் பொடிசுமா இருக்கும். இது இன்னாடான்னா யூனிபாரம் போட்டுக்கினு வந்த மாதிரி ஒரே மீனு, ஒரே சைஸு."

மறுபடி குனிந்திருந்த முத்துசாமியின் பேனா நின்றது. அது அவர் கண்ணிலேயே பட்டிருக்க வேண்டிய விஷயம். கலையரசி ஒரு மீனை அரிவாள்மனையில் கிழித்தாள். வயிற்றிலிருந்து கோழிக்குடலும் வெள்ளை இறகும் வந்தன.

"ஆத்தா ஆத்துக்குள்ள கோழிக்கடை வச்சிருக்காங்களா சாமி?"

கோழிக்கழிவு போட்டுக் குட்டையில் வளர்க்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி அது. மேலே வந்து காற்றைக் குடித்துச் சாக்கடையிலும் கிடக்கும். மற்ற மீனுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். ஆட்கள் புதருக்குப் பின்னால் ஓடிப் பார்த்தார்கள். மீன் டிரம் நின்றது, பக்கத்தில் பட்டறை வேனும் நின்றது.

சாமி நழுவப் பார்த்தார். பலகை சறுக்கி, முதல் முறையாகப் புனித ஆற்றில் முழுகினார். ஊதாவாக எழுந்து உடம்பைப் பறபறவென்று சொறிந்தார்.

"அரிக்குதுய்யா, யாராவது போர் தண்ணி கொண்டாங்க ஜல்தி" என்று கெஞ்சினார்.

"அம்பது ரூவா தீர்த்தம் சாமி, உங்களுக்கு ஓசி" என்றாள் கலையரசி.

முத்துசாமி கடிதத்தை நாலாகக் கிழித்தார். பேனாவைத் திருப்பித் தரவில்லை. அடுத்த மனுவுக்கு வேண்டுமாம்.

அயிரைக்குப் பக்தி போதாது என்று சாமி சொன்னது சத்தியமான உண்மை. அதனால்தான் அது ஒரே நிமிடத்தில் செத்து உண்மையைச் சொல்லிவிட்டது. நமக்குப் பக்தி ஏராளம். மூன்று வருடம் நாற்றத்தைக் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். இனிமேலாவது கையைக் கூப்புமுன் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள்.