வார்டை எழுப்பிய யாழ்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் கால் ஆடத் தொடங்கிவிடும். எழும்பி ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால் சொல்ல வந்தது மறந்துவிடும். ஆனால் என் கூட்டாளி கோகிலன் இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். என்னைவிட நன்றாக வேறு சொல்கிறான். அதுதான் பொறுக்கவில்லை.

நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருசம். ஓ.எல். பரீட்சையில் இரண்டு தரம் கணக்கில் விழுந்து, மூன்றாம் தரம் விழ மனமில்லாமல் (விழுகிறதுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?) வாழைச்சேனையில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். மாமா என்னைக் கட்டாருக்கு அனுப்ப முடிவெடுத்து, பாஸ்போட்டுக்குப் படமும் பிடித்தாயிற்று. அம்மாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. சுனாமியில் அப்பா போன பிறகு, நான் கடைக்குப் போய்க் கொஞ்சம் பிந்தினாலே ஆள் விட்டுத் தேடுகிற மனுசி. கட்டாருக்கு யாரை விட்டுத் தேடுவது?

அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்கொலர்ஷிப் வந்தது. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து யாழ் வாசித்து, நோவையும் பயத்தையும் தணிக்கிற படிப்பு. ஒரே ஓர் ஆளுக்குத்தான். கொழும்பில் ஒரு வருசம் படிப்பு, கைச்செலவுக்குக் காசு, முடிந்ததும் ஆசுபத்திரிகளில் வேலை. ஆள் தெரிவு செய்யக் கனடாவில் இருந்து நிர்மலா மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு, கனடாக் குளிர். ஊர் மண்டபத்தில் வகுப்பு நடந்தது. மடியில் வைக்கிற அளவில் ஒரு சின்ன யாழைப் பழகத் தந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"இதென்ன மனே, வலை காயப்போடுற கம்பு மாதிரி இரிக்கு?" என்றார் அம்மா. "இத வாசிச்சாக் கட்டார் போகத் தேவையில்லையா?"

"தேவையில்லம்மா."

"அப்ப வாசி. விரல் தேயும் மட்டும் வாசி."

மீனே பாடும் என்று பேர்போன வாவிக்கரையில் பிறந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். (மீன் ஓரிடத்தில் சும்மா கிடந்து பாடும். எனக்கு அதுதான் வராது.) ஆனாலும் விரல் வேகமாக ஓடியதால் கடைசி இரண்டு பேரில் ஒருவனாக வந்துவிட்டேன். மற்றவன் கரடியனாற்றுக் கோகிலன். நெல் வயல் வட்டைக்குள் கொக்கு நிற்கிற மாதிரி அசையாமல் இருப்பான்.

"தெரிஞ்ச பாட்டு வாசிக்கக் கூடாது" என்று நிர்மலா மிஸ் திரும்பத் திரும்பச் சொன்னாராம். "தெரிஞ்ச பாட்டு ஆக்களை எழுப்பிப்போடும். ஆளின்ர மூச்சைப் பாத்து, அதைவிட மெதுவா வாசியுங்கோ." சொன்னாராம் என்கிறேன், ஏனென்றால் அந்த நேரம் நான் கோகிலனின் செருப்பு வாரைக் கதிரைக் காலோடு கட்டிக்கொண்டிருந்தேன்.

நான் உருப்படியாகப் பழகியது ஒரே ஒரு பாட்டு. தெருத் தெருவாகப் பாணும் பணிஸும் விற்க வரும் பேக்கரி ஆட்டோ கிணுகிணு என்று போடுமே, அந்தப் பாட்டு. கோகிலன் எப்போதும் பசியோடுதான் வகுப்புக்கு வருவான். நான் அதைத் தட்டினால் தெருப்பக்கம் எட்டிப் பார்ப்பான். ஒவ்வொரு தரமும் பார்ப்பான்.

கடைசிச் சோதனை ஆசுபத்திரியில், சத்திரசிகிச்சை முடிந்த ஆண்கள் வார்டில். முதலில் கோகிலன். அவன் வாசிக்க வாசிக்க ஒரு தாத்தா வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். அடுத்தது நான். எனக்குக் கிடைத்தவர் செல்லத்துரை அண்ணன், எஞ்சின் வள்ளக்காரர், முதல் நாள்தான் வயிற்றில் ஒப்பரேஷன். வாயில் தண்ணீரும் வைக்கக் கூடாது.

நன்றாகத்தான் தொடங்கினேன். டிங். அவர் மூச்சு விடும்வரை காத்திருந்தேன். டிங். மனுசன் மூச்சு விடுகிற வேகத்தில், ஒரு டிங்குக்கும் அடுத்த டிங்குக்கும் நடுவில் பாசிக்குடாவுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம். என் இடது கால் ஆடியது. பிறகு வலது கால். அம்மாவை நினைத்துப் பல்லைக் கடித்தேன். கால்கள் நின்றன, விரல்கள் புறப்பட்டுவிட்டன. தெரிந்த ஒரே வழியில்.

எதிர்க் கட்டிலில் ஒரு தலை நிமிர்ந்தது. "பாண் வந்திட்டு!"

செல்லத்துரை அண்ணன் கண்ணைத் திறந்தார். "தம்பி, மீன் வச்ச மாலுபணிஸ் இரிக்கா?"

காலில் மாவுக்கட்டுப் போட்டவர் ஊன்றுகோலைத் தேடினார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சில்லறையோடு படியிறங்கி ஓடினார்கள். "ரெண்டு றாத்தல் பாண் எடுங்க!" என்று யாரோ ஒருவர் பின்னால் கத்தினார். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். (ஆனால் என் வாசிப்புக்கு ஒரு கூட்டமே எழும்பியது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.) இன்னொரு சுற்று வாசித்தேன்.

செல்லத்துரை அண்ணன் எழும்பியே நின்றுவிட்டார். சேலைன் கம்பி சரிந்து நிலத்தில் விழுந்தது. நேர்ஸ் ஓடி வந்தார்.

"ஆரு ஆட்டோவ வார்டுக்குள்ள விட்டது?"

"ஆட்டோ இல்ல மிஸ்ஸி, நான்தான்."

"வயிறு தைச்ச மனுசன் எழும்பி நிக்கிறார், உனக்குச் சிரிப்பு வருதா?"

கீழே ஓடியவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்து, "எங்கடா பாண்?" என்று என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நிர்மலா மிஸ் ஏசவில்லை. யாழை என் மடியிலிருந்து மெதுவாக எடுத்துக் கோகிலனிடம் கொடுத்தார்.

"தம்பி, நீர் அவருக்கு வாசிக்கேல்லை, உமக்கு வாசிச்சனீர்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதிலயும் ஒரு சுரம் பிழை."

செல்லத்துரை அண்ணனின் தையல் பிரியவில்லை, கடவுள் புண்ணியம். ஸ்கொலர்ஷிப் கோகிலனுக்குப் போனது. வீட்டில் அம்மா அழப்போகிறார் என்று பயந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எல்லாருமா எழும்பினவங்க?"

"ஓம்மா. கால் முறிஞ்ச ஆளும்."

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுனாமிக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு குசினிக்குள் போனவர் கனநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த மாதம் கட்டார். இப்போதும் இங்கேதான், ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிற இடத்தில், மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கிற வேலை. (எனக்கென்றே செய்த வேலை.) அம்மா என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போது பாண் ஆட்டோ போனால், போனைத் தெருப்பக்கம் நீட்டுவார். "மனே, உன்ட கச்சேரி போகுது, கேளு." நான் நின்று கேட்பேன். அந்த நேரம் மட்டும் கால் ஆடாது.

போன வெள்ளிக்கிழமை கோகிலனுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், உன்ட வாசிப்புக்கு ஆக்கள் நித்திரை கொள்றாங்க. என்ட வாசிப்புக்குக் கால் முறிஞ்சவனும் எழும்பினவன். உண்மையச் சொல்லு, அந்த ஸ்கொலர்ஷிப்ப ஆருக்குத் தந்திருக்க வேணும்?"

"நீ எழுப்பின ஆக்களத் திரும்பப் படுக்கவைக்கத்தான்டா எனக்குத் தந்தவங்க."