யுவராணி வளர்ச்சிக் குழு

இந்திய ஹாக்கியின் வருங்காலம் பொம்மிடியில், கோவிந்தனின் கோழிக்கடை மாடியில்தான் தீர்மானிக்கப்பட்டது. வரலாறு இதை என்றாவது ஒப்புக்கொண்டே தீரும். அந்தக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர் பி.டி. மாஸ்டர் சென்றாயன் என்பதையும் சேர்த்து எழுதினால், அவருக்கு ஆட்சேபணை இல்லை.

சென்றாயன் வாழ்நாளில் ஹாக்கி ஆடியதில்லை. ஆடியதெல்லாம் கேரம். அதனால்தான் ஹாக்கியை நடுநிலையோடு பார்க்க முடிகிறது என்று அவரே அடக்கமாகச் சொல்லிக்கொள்வார். அவர் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் யுவராணி, மாவட்டப் போட்டியில் எதிரணியை ஒற்றை ஆளாகக் கடந்து கோல் போட்ட அன்று, 'திறமையைக் கண்டெடுத்தவர்' என்ற பட்டம் தானாக வந்து அவர் தலையில் உட்கார்ந்தது. இறக்கிவிட மனம் வரவில்லை.

இனி அவள் எங்கே ஆடி வளர்வது? அரசு விளையாட்டு விடுதியா, பெங்களூர் அகாடமியா, உள்ளூர்ப் பள்ளி அணியா? இதற்கென்றே 'யுவராணி வளர்ச்சிக் குழு' உதயமாயிற்று.

"பெங்களூருதாங்க. என் மருமவன் அங்கதான் இருக்கறாரு" என்றார் கோவிந்தன்.

"அவருக்கு ஹாக்கி தெரியுங்களா?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சகாயமேரி.

"வழி தெரியுங்க."

சகாயமேரி விடுதிக்கு ஓட்டுப் போட்டார். சென்றாயன் உள்ளூருக்கு. அவள் போய்விட்டால் ஊர் பேனரில் அவர் படம் யார் பக்கத்தில் நிற்கும்? இதை வெளியே சொல்லாமல், "வேரு முக்கியமுங்க" என்று மட்டும் சொன்னார்.

முடிவு வரும்வரை பெண்ணுக்கு அடிகிடி பட்டுவிடக் கூடாதே! ஆடவே வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். ஆயுத பூஜைக்காகச் சென்றாயன் வீட்டுப் பூஜையறைக்குப் போன அவளுடைய ஸ்டிக், சந்தனமும் குங்குமமுமாக அங்கேயே தங்கிவிட்டது.

"மாஸ்டர், சாயங்காலம் கொஞ்ச நேரம் ஆடட்டுங்களா?"

"அவசரப்படாதம்மா. உன் எதிர்காலத்தப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கறோம்."

அவள் அம்மா குள்ளம்மாள் ஒருநாள் அவரை வழிமறித்தாள். "புள்ள வெளக்கமாத்த வச்சு வாசல்ல பந்து தட்டிக்கிட்டு இருக்குதுங்க மாஸ்டரு."

அந்த ஆர்வத்தைப் பாராட்டிக் குழு இன்னொரு தீர்மானம் நிறைவேற்றியது.

மாதக்கணக்கில் ஆளுக்கொரு பக்கமாக இழுத்ததால், கடைசியில் வேன் பிடித்துத் தீர்த்தமலைக் கோயிலுக்குப் போய், பொட்டலம் கட்டிப் பூப்போட்டுப் பார்த்தார்கள். வெள்ளை வந்தால் பெங்களூர், சிவப்பு வந்தால் விடுதி, பொட்டலத்தில் ஒன்றுமே இல்லாவிட்டால் உள்ளூர். இந்த ஏற்பாடு சென்றாயனுடையது. சிவப்புதான் வந்தது. சாமியும் தன் கட்சியில் இல்லை என்று அவருக்கு வருத்தம். இருந்தாலும் மேளதாளத்தோடு பூஜையறையிலிருந்து ஸ்டிக்கை இறக்கி, யுவராணியை விடுதித் தேர்வுக்குத் தாமே அழைத்துப் போனார்.

முதல் பந்து அவள் ஸ்டிக்கைத் தாண்டி ஓடியது. அடுத்ததும் ஓடியது. ஓடிய பந்தைத் துரத்தவும் அவளுக்கு மூச்சு வாங்கியது. தேர்வாளர் அவளைக் கூப்பிட்டார்.

"மாவட்டத்துல உன் ஆட்டத்தப் பாத்திருக்கேன்மா. அப்புறம் எங்க ஆடுன?"

யுவராணி மாஸ்டரை ஒருமுறை பார்த்தாள். "எங்கயும் ஆடலிங்க சார். எங்க ஆடணும்னு பேசிக்கிட்டு இருந்தாங்க."

தேர்வாளர் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். சென்றாயனுக்கு அவமானமாக இருந்தது. அவள் அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருக்கலாம், அவள் அழவுமில்லை. பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஸ்டிக்கைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா. நாளைக்கே கூட்டத்தப் போட்டு..."

யுவராணி டீயைக் கீழே வைத்தாள். ஸ்டிக்கை உருவி எடுத்து, காய்ந்திருந்த சந்தனத்தைத் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தாள்.

"இது இனிமே எங்க வூட்லயே இருக்கட்டுங்க மாஸ்டர்."

அவளுடைய வளர்ச்சிக்கென்று உருப்படியாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். அதற்குக் குழு கூடவே இல்லை.