சுண்டுவிரலில் ஒரு பிளாஸ்டர்

பயந்தவர்கள் பிள்ளைகளை முதல் வாக்குப் போடக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. நான் போனேன். அந்தக் களைப்பு இன்னும் தீரவில்லை.

பயத்துக்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் என் முதல் வாக்கைப் போடப் பின்னேரம் ஆறுதலாகப் போனேன். "தம்பி, உங்கட வோட்டு காலமையே விழுந்திட்டுது" என்றார் அதிகாரி. (போட்ட புண்ணியவான் யாருக்குப் போட்டான் என்பதுகூட எனக்குத் தெரியாது.) அதன்பின் நியூசிலாந்தின் ஓக்லண்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் வாக்குச்சாவடிப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை.

மகள் துளசிக்குப் பதினெட்டு வயதானது. "வாட்ஸ் த பாயிண்ட், அப்பா?" என்றாள். ஒரு கிழமை கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் முன்பே வாக்களிக்கலாம் என்றார்கள். எனக்கு அது, களவெடுப்பவர்களுக்குப் பன்னிரண்டு நாள் அவகாசம் என்றே கேட்டது.

முதல் நாளே, கதவு திறக்க முக்கால் மணிநேரம் இருக்கும்போது, பிளாக்ஹவுஸ் பே மண்டப வாசலில் நின்றோம். என் கையில் ஒரு ஃபைல். கடவுச்சீட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், கரண்ட் பில், துளசியின் தடுப்பூசி அட்டை.

"வக்சினேஷன் கார்ட் எதுக்கு?"

"கேட்டா?"

கேட்கவில்லை. மேசையிலிருந்த பெண்மணி பெயரையும் விலாசத்தையும் மட்டுமே கேட்டார். அப்படியானால் யாரும் வந்து என் மகளின் பெயரைச் சொல்லலாமே! "ஏற்கெனவே யாராவது போட்டுவிட்டார்களா, பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் மன்றாடினேன். இல்லை என்றார். மூன்று முறை பார்க்க வைத்தேன். பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

"அப்பா, ஐ'ம் டன்." வாக்குச்சீட்டைத் தொடாமலே துளசி காருக்குப் போய்விட்டாள்.

நான் மட்டும் போட்டேன். போட்டுவிட்டு இடது சுண்டுவிரலை நீட்டியபடி அந்த மேசை முன் நின்றேன். ஊரில் அந்த விரலில் மை பூசுவார்கள். பெண்மணி விரலைப் பார்த்தார், வியர்த்த முகத்தைப் பார்த்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து, மிகுந்த அன்போடு ஒரு பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். (மறுக்கத் தெம்பில்லை.)

நடந்ததைக் காரில் சொன்னேன். துளசி சிரிக்கவில்லை. வீட்டில் மனைவிதான் தீர்ப்புச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, இந்தமுறை வோட்டைக் களவெடுத்தது நீங்கள்தான்."

அது சுட்டது. "வோட்டுப் போட்டியா?" என்று துளசியிடம் கேட்க வந்த கேள்வியை ஒவ்வொரு நாளும் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினேன். பதினொரு நாள்.

தேர்தலுக்கு முதல் நாள், துளசி பகுதிநேரம் வேலை செய்யும் வெஸ்ட்கேட் கடைத்தொகுதியிலிருந்து ஒரு படம் வந்தது. அவளும் மூன்று சிநேகிதிகளும். நான்கு சுண்டுவிரல்கள், நான்கு பிளாஸ்டர்கள். கீழே, அவள் அபூர்வமாக எழுதும் தமிழ்: "போட்டாச்சு அப்பா. நான்தான் போட்டேன்."

இப்போதெல்லாம் வெங்காயம் வெட்டும்போது என் விரல் வெட்டுப்பட்டால், மனைவி பிளாஸ்டரைத் தேடிக்கொண்டே கேட்பாள்: "ஆருக்குப் போட்டனீங்கள்?"