காதால் பார்க்கும் கியர் வைத்தியர்

பழைய கார் ஒன்று கியர் மாறும்போது 'கர்ர்ர்' என்று பல்லைக் கடித்தால், நடைபாதையில் போகிறவர்களில் ஒருவர் மட்டும் நிற்பார்; கழுத்தை ஒரு பக்கம் சாய்ப்பார்; கண்ணை மூடுவார்; பிறகு, யாரும் கேட்காமலே, "சிங்க்ரோ போயிடுச்சு" என்பார். இவர்தான் கியர் வைத்தியர். இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. மாதிரிக்கு ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் அலைய வேண்டாம், நானே இருக்கிறேன்.

எங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மற்றவர்கள் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டோம். அப்புறம் நாங்களே படுத்தோம். கியர்பாக்ஸ் ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்து, பித்தளைத் தூள் மினுங்குகிறதா என்று பார்த்து, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இரும்பில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்து, எதிரே நிற்பவரை மூச்சுக்கூட விடாதே என்று கையால் அடக்கி, கடைசியில், முன்னமே முடிவு செய்துவைத்திருந்ததைச் சொல்வோம்.

ஒவ்வொருவருக்கும் செல்லமான நோய் ஒன்று உண்டு. எனக்கு சிங்க்ரோ. கியர் மாறும்போது பற்சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிற பித்தளை வளையம் அது. என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, ஃபோர்க். கியரைப் பிடித்துத் தள்ளுகிற இரும்புக் கவை. எந்த வண்டியைக் காட்டினாலும் எனக்கு வளையம் தேய்ந்திருக்கும், அவனுக்குக் கவை வளைந்திருக்கும். என் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு ஒரு சட்டமும் உண்டு: மூன்றாவது கியர் விழும்வரை யாரும் பேசக் கூடாது. நான் கேட்க வேண்டும்.

போன மாதம் நோய் என் வண்டிக்கே வந்தது.

மனைவியின் அக்காவுக்கு மூட்டில் அறுவைச் சிகிச்சை முடிந்து, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது வருகிற கார்கள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. முட்டியை நன்றாக மடக்காமல் ஏற முடியாது. என் வண்டியின் சீட்டு நாற்காலி உயரம், கதவும் அகலம். "உங்க வண்டின்னா நேரா உக்காந்து அப்படியே திரும்பிக்குவேன் தம்பி" என்று கட்டிலில் படுத்தபடியே கேட்டுவிட்டார். அந்த வண்டியை ஒருவர் விரும்பிக் கேட்டது அதுவே முதல் தடவை. நெகிழ்ந்துபோய், அவர் காலுக்கு இதமாக முன்பக்கம் முழுவதும் தடித்த கார்ப்பெட் விரித்தேன். அடியில், மெத்தென்று இருக்க, மடித்த பழைய போர்வை.

மறுநாள் ரிவர்ஸ் 'கர்ர்ர்' என்றது. முதல் கியர் விழவே மாட்டேன் என்றது.

நானும் மச்சானும் முறைப்படி தொடங்கினோம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டுப் பார்த்தோம். எல்லாக் கியரும் சொன்ன பேச்சுக் கேட்டன. ஓடும்போது கடிக்கிறது, நிற்கும்போது கடிக்கவில்லை. அப்படியென்றால் கியர்பாக்ஸைத் தொட வேண்டாம், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. இதை எத்தனை பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்! ஆனால் அந்தக் கிளட்சை மாற்றியது யார்? போன வருடம், இந்தக் கையால், நான். அதைச் சந்தேகிப்பது வைத்தியரையே சந்தேகிப்பதல்லவா?

"கிளட்ச் தங்கம் மாமா, அது பக்கம் போகாதீங்க. ஃபோர்க்தான்."

"சிங்க்ரோ."

"பிரிச்சுப் பாத்துருவோமா?"

பிரித்தோம். கியர்பாக்ஸை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்துக் கிடத்தினோம். வளையம் தேயவில்லை. கவை வளையவில்லை. "லேசா தேஞ்ச மாதிரிதான் இருக்கு" என்றேன். "லேசா வளைஞ்ச மாதிரியும் இருக்கு" என்றான். பெருந்தன்மையோடு இரண்டையும் மாற்றினோம்.

மனைவி கையில் தட்டோடு வந்து, வைக்க இடமில்லாமல் நின்றாள். "ஏங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள இது வண்டிக்குள்ள போயிருமா?"

"போயிடும்."

"எங்கக்கா முட்டியையே டாக்டர் ரெண்டு மணி நேரத்துல பிரிச்சு மூடிட்டார்."

"அவருக்கென்ன, முட்டி ரெண்டே மாடல்தான். இடது, வலது."

வியாழக்கிழமை மாலை மாட்டி முடித்தோம். ஒரு வாஷர் மிஞ்சியது. மச்சான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எஞ்சினை ஓட்டி முதல் கியர் போட்டேன். கர்ர்ர்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி நேராக வாசலுக்குப் போனாள். வண்டிக் கதவைத் திறந்தாள். "இதுல அவ கைத்தடி சிக்குச்சுன்னா திரும்பவும் ஆஸ்பத்திரிதான்" என்று கார்ப்பெட்டையும் போர்வையையும் சுருட்டி டிக்கியில் போட்டாள். வருவது வரட்டும் என்று ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன். முதல் கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. ரிவர்ஸும் விழுந்தது.

"ரிங் உக்காந்துடுச்சு" என்றேன்.

"ஃபோர்க் செட்டாயிடுச்சு" என்றான் பின்சீட்டிலிருந்து மச்சான்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கி, சொன்னபடியே அப்படியே திரும்பிக்கொண்டார். வழியெல்லாம் நானும் மச்சானும் எங்கள் சிகிச்சையை விவரித்தோம். அவர் தம் சிகிச்சையைப் பற்றிச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. பாதி வழியில்தான் வாய் திறந்தார். "எல்லாம் சரி தம்பி, காலுக்குக் கீழ இரும்பு சில்லுனு இருக்கே."

அதற்கென்ன. ஓரமாக நிறுத்தி, டிக்கியிலிருந்து எடுத்து, போர்வை, கார்ப்பெட் என்று பழையபடி அழகாக விரித்தேன். ஏறினேன். மிதித்தேன். கர்ர்ர்.

வண்டிக்குள் அமைதி. மூன்றாவது கியருக்குக்கூட இவ்வளவு அமைதி கிடைத்ததில்லை. நானும் மச்சானும் ஒரே சமயத்தில் கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடினோம்.

"அந்த வாஷரா இருக்குமோ மாமா?"

"ஸ்க்ரூடிரைவரை எடு."

மனைவி பின்சீட்டிலிருந்து இறங்கி, சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்து, கிளட்ச் மிதிக்கு அடியில் இருந்த கார்ப்பெட்டை மட்டும் போர்வையோடு ஒதுக்கினாள். "இப்ப மிதிங்க."

கிளட்ச் இரண்டு விரற்கடை கூடுதலாக இறங்கியது. முதல் கியர் விழுந்தது.

"எனக்கும் கட்டு தடிமனா இருந்தவரைக்கும் முட்டி மடங்கலை தம்பி" என்று அக்கா ஆறுதல் சொன்னார்.

"கார்ப்பெட் மட்டமான சரக்கு" என்றேன். "நானும் அதான் நெனச்சேன்" என்றான் மச்சான். இந்த ஒரு நோயில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வரவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கார்ப்பெட் விரித்தேன் என்று நான் எழுதிய இடத்திலேயே உங்களுக்குப் புரிந்துவிட்டது, இல்லையா? பக்கத்தில் இருப்பவரிடம் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்ல வாயெடுத்தீர்களா? வாருங்கள். ஸ்க்ரூடிரைவர் மெதுவாக வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் எல்லோரும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்கினோம்.