விமானத்துக்கு வைத்த சந்தனப் பொட்டு

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் ஒரு விமானத்தை எங்கள் மலையில் பெரக்கரை நாட்டுப் பக்கம் மோதவைத்திருக்கிறேன். (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு.) பயப்படாதீர்கள், யாரும் சாகவில்லை. ஏனென்றால் அதில் யாருமே இல்லை. சரியாகச் சொன்னால், அப்படி ஒரு விமானமே இல்லை. எல்லாம் என் பேத்தியின் கம்ப்யூட்டருக்குள் நடந்தது.

(எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் செல்வி எழுதுகிறாள். முதலில் பேத்தியைத்தான் கேட்டேன். "நான் பாதிக்கப்பட்ட ஆளு அம்மாயி, நான் எழுதுனா உன் மானம் போயிரும்" என்று ஓடிவிட்டாள்.)

அந்தப் பேத்தி செல்வியின் மகள், பவித்ரா. மூன்று வருடத்துக்கு முன்பு காலேஜை முடித்துவிட்டு மலைக்கு வந்தவள், நான் மிளகு மூட்டை போட்டு வைத்திருந்த அறையைக் காலி பண்ணினாள். இரண்டு டிவி வைத்தாள். பெரிய டிவியில் வானமும் மேகமும் தெரியும். தொட்டால் வேலை செய்கிற சின்ன டிவியில் மேப் தெரியும்.

வீட்டில் உட்கார்ந்தபடியே விமானம் ஓட்டிப் பழகுகிறவர்கள் இருக்கிறார்களாம். லாரியில் டிரைவருக்கு முன்னால் முள் ஆடுகிற மீட்டர்கள் இருக்குமே, அதுபோல அவர்களுக்கும் வரிசையாக இருக்கும். அதைக் கேஜ் என்கிறார்கள். பவித்ரா செய்துகொண்டிருந்தது மேப் காட்டும் கேஜ். சும்மா காட்டாது. மேப்பில் ஓர் இடத்தைத் தொட்டால் விமானம் தானாகத் திரும்பி அங்கே போகும். இரண்டு விரலால் விரித்தால் ஊர் பெரிதாகும்.

முதலில் நம் மலையைத்தான் அதில் ஏற்றினாள். எந்த ஓடை எங்கே இறங்குகிறது, பைல் நாட்டுக்கு எந்தப் பாறையைச் சுற்றிப் போக வேண்டும் என்று சொன்னதெல்லாம் நான். ஆகையால் அந்த மேப்பில் பாதி என்னுடையது என்று செம்மேட்டுச் சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அங்கே என்னிடம் வாழைத்தார் கேட்டு வந்தவர்கள்கூட விமானக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். (சிலர் தாரை வேறு கடையில் வாங்கிக்கொண்டார்கள்.)

விஷயம் விளையாட்டில்லை. கோயமுத்தூரில் ஒருவர் பசங்களுக்கு இப்படி விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் இடம் நடத்துகிறார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் கேஜைக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் பவித்ரா இங்கேயே உட்கார்ந்து அவருக்கு வேலை செய்யலாம். பிடிக்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமை சென்னையில் ஏதோ ஆபீஸில் சேர வேண்டும். அந்த ஆர்டர் ஏற்கெனவே வந்துவிட்டது. எனக்கு அவளை அனுப்ப மனசில்லை. அவளுக்கும் போக மனசில்லை.

"அம்மாயி, நாளைக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. எதையும் தொடாதே" என்றாள்.

"நான் ஏன் கண்ணு தொடப்போறேன்?" என்றேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதுசாக எது வந்தாலும் நான் பொட்டு வைக்காமல் விடமாட்டேன். மிக்ஸிக்கு வைத்தேன். கேஸ் அடுப்புக்கு வைத்தேன். கரண்டு மீட்டருக்கு வைத்ததற்கு, ரீடிங் எடுக்க வந்தவர் "நம்பர் தெரியலீங்க" என்று சண்டை போட்டார். தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாவின் ஸ்கூட்டிக்கும் வைத்தேன். அவர் கிறிஸ்தவர். சிரித்துக்கொண்டே ஓட்டிப் போனார், நல்ல மனுஷி. அப்படிப்பட்ட நான், என் பேத்தியின் தலையெழுத்தே அடங்கியிருக்கிற பெட்டியை மொட்டையாக விடுவேனா?

செவ்வாய்க்கிழமை காலை பவித்ரா விமானத்தைச் சேலத்திலிருந்து கிளப்பிவிட்டாள். பத்து மணிக்கு நம் மலைமேல் வந்திருக்கும்படி கணக்கு. மரமெல்லாம் தெரியட்டும் என்று தாழ்வாகவே பறக்கவிட்டாள். தானாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் சட்டை மாற்றப் போனாள். (மேலே மட்டும்தான் புதுச்சட்டை. கீழே ராத்திரி போட்டிருந்த அதே பேண்ட். வீடியோவில் கால் தெரியாதாம்.)

நான் உள்ளே நுழைந்தேன். சந்தனத்தை நன்றாகத் தண்ணீர் விட்டு இழைத்திருந்தேன், காய்ந்து உதிரக் கூடாது பாருங்கள். பெரிய டிவி எனக்கு எட்டவில்லை. சின்ன டிவியின் நெற்றி எது என்று பார்த்து, மேலே நடுவில் தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன். மேப் உடனே அசைந்தது. சாமி ஏற்றுக்கொண்டது என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

சாமி ஏற்கவில்லை. விமானம் ஏற்றுக்கொண்டது. ஈரச் சந்தனத்தை விரல் என்று நினைத்துப் பொட்டு இருந்த பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் கீழே வழிய வழிய, வழிந்த இடமெல்லாம் விரல்!

அப்போதுதான் வீடியோ மணி அடித்தது. பவித்ரா ஓடிவந்து உட்கார்ந்தாள். கோயமுத்தூர்க்காரரின் முகம் பெரிய டிவியின் ஓரத்தில் வந்தது. அவருக்கு அங்கே மேப் மட்டும்தான் தெரிகிறது. கண்ணாடிமேல் இருக்கிற பொட்டு தெரியாது.

"ஏனுங்க அம்மணி, மேப்பு எதுக்குங்க இப்படிச் சுத்துது?"

"ஒரு நிமிஷமுங்க சார்" என்ற பவித்ரா குனிந்து பார்த்தாள். பொட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அம்மாயி! தொடாதேன்னு சொன்னேனா இல்லியா?" என்று பல்லைக் கடித்தபடி கேட்டாள்.

"நான் எங்க கண்ணு தொட்டேன்? பொட்டுத்தானே வெச்சேன்!"

அத்தோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கலாம். தப்பைத் திருத்தலாம் என்று முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். பாத்திரம் கழுவிக் கை துடைத்த முந்தானை, சொட்டச் சொட்ட ஈரம். மேப் பிய்த்துக்கொண்டு ஓடியது. நாமக்கல் போச்சு, ஆறு போச்சு, நீலமாகக் கடல்கூட வந்தது. விமானம் பாவம், எங்கே போவது என்று தெரியாமல் இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது.

"அம்மணி, கடலுக்குப் போறீங்களா, மலைக்குப் போறீங்களா?" என்றார் அவர்.

அதற்குள் விமானத்துக்குள் யாரோ கரகரவென்று இங்கிலீஷில் கத்த ஆரம்பித்தார்கள். மலை கிட்டே வந்துவிட்டது, மேலே தூக்கு என்று எச்சரிக்கிற குரலாம் அது. எனக்கென்ன தெரியும்? "இருங்க, வாரேன் வாரேன்!" என்று நானும் கத்தினேன். பவித்ரா விமானம் ஓட்டுகிற கைப்பிடியை நெஞ்சோடு சேர்த்து இழுத்தாள். பெரிய டிவி முழுக்க மரம். அப்புறம் எல்லாம் சிவப்பு, முட்டிவிட்டது என்று அர்த்தமாம்.

அந்த நேரத்தில் நான் கேட்ட கேள்வியைத்தான் இவர்கள் இன்னும் மறக்கவில்லை.

"இது பெரக்கரை நாடு மாதிரி இருக்குதே. யாரு தோட்டம் சாமி? நம்ம சம்பந்தி தோட்டமா?"

கோயமுத்தூர்க்காரர் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். "தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. எங்க பசங்களுக்குக் கை வேர்த்துக் கொட்டும். ஈரம் பட்டா மலையில போய் முட்டுற மேப்பை நான் எப்படீங்க வாங்குறது?" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

வீடியோ அணைந்ததும் பவித்ரா எழுந்து உள்ளே போனாள். பெட்டியை இறக்கித் துணி அடுக்கினாள். நான் அழுதுகொண்டே, சென்னைக்கு எடுத்துப் போகட்டும் என்று பலாச்சுளையைக் காயவைத்தேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

மறுநாள் விடிந்ததும் என் முன்னால் வந்து நின்றாள். கையில் சந்தனக் கிண்ணம்.

"வா அம்மாயி, பொட்டு வை."

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து நான் நகரவில்லை.

"நெசமாத்தான். நீ எப்படி வெச்சியோ அப்படியே வை. அந்த முந்தானையும் வேணும்."

மூன்று நாள் அதுதான் எனக்கு வேலை. நான் வைப்பேன், விமானம் போய் முட்டும், அவள் டக்கு டக்கென்று எதையோ தட்டி மாற்றுவாள். மறுபடி வைப்பேன். சந்தனம், குங்குமம், மஞ்சள், அரிசி கழுவின கை, எண்ணெய்க் கை, எல்லாம் பார்த்தாயிற்று. எத்தனை விமானத்தை முட்டவைத்தேன் என்று எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முந்தானையால் தேய்தேய் என்று தேய்த்தேன். மேப் அசையவே இல்லை. மூலையில் ஒரு பட்டன் புதிதாக வந்திருந்தது. அதை அமுக்கிவிட்டால் அரை நிமிஷத்துக்கு யார் தொட்டாலும், எது வழிந்தாலும் மேப் கண்டுகொள்ளாது, அதற்குள் துடைத்துவிடலாம்.

சனிக்கிழமை கோயமுத்தூர்க்காரரைக் கெஞ்சி மறுபடி வரவழைத்தாள். இந்தத் தடவை நான் பக்கத்து நாற்காலியில், பட்டுச்சேலையோடு. கண்ணாடியும் தெரியும்படி போனை நிறுத்தி வைத்திருந்தாள்.

"அம்மாயிங்களா? வைங்க பார்க்கலாம்" என்றார்.

பவித்ரா பட்டனை அமுக்கினாள். நான் வைத்தேன். விமானம் நேராகப் போனது.

"இன்னொண்ணு வைங்க."

சின்ன டிவி கல்யாணப் பெண் மாதிரி ஆகும்வரை வைக்கச் சொன்னார். கடைசியில்தான் சிரித்தார். "சரீங்க அம்மணி, வேலையை ஆரம்பிச்சிரலாம்" என்றார். திங்கட்கிழமை சென்னைக்கு யாரும் போகவில்லை. காயவைத்த பலாச்சுளையை நாங்களே தின்று தீர்த்தோம்.

பட்டனுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று அவர் கேட்டபோது, பவித்ரா யோசிக்கவே இல்லையாம். இங்கிலீஷ் எழுத்தில் 'அம்மாயி' என்றே போட்டுவிட்டாள். இப்போது கோயமுத்தூரில் மேப் ஆட்டம் போட்டால், "டேய், அம்மாயியை அமுக்குடா!" என்றுதான் பசங்கள் கத்துகிறார்களாம். வெளிநாட்டில்கூட யாரோ ஒரு வெள்ளைக்காரர் தினமும் என்னை அமுக்குகிறார் என்று கேள்வி.

அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிடும்போது நான் ஒரு கதையை எடுத்து, அது செம்மேட்டுக்குப் போய், சந்தையைச் சுற்றி, யாரோ ஒருத்தர் கல்யாணத்துக்குள் நுழைந்துவிட்டால், என் மருமகன் தட்டைப் பார்த்தபடியே சொல்வார்: "யாராச்சும் அந்த அம்மாயியை அமுக்குங்க."

நானும் மரியாதைக்கு அரை நிமிஷம் சும்மா இருப்பேன். அதற்குமேல் அந்தப் பட்டனே தாங்காது.