மேனேஜருக்கும் ஆடிட்டருக்கும் ஒரு சமையலறை

எங்கள் வீட்டுச் சமையலறையை மிருகங்களுக்குப் பாதுகாப்பான இடமாக மாற்றியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முடிவெடுத்தேன். முடிவெடுப்பது என் பொறுப்பு. அதை மாற்றுவது மனைவியின் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பங்கீட்டில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

மிருகங்கள் என்றதும் பயந்துவிடாதீர்கள். ஒரு நாய், ஒரு பூனை, அவ்வளவுதான். நாயின் பெயர் மேனேஜர். நாள் முழுக்கத் தூங்கும். யாராவது வேலை செய்கிற சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து வந்து குரைக்கும். பூனை ஆடிட்டர். எந்தப் பாத்திரத்தையும் முகர்ந்து பார்க்காமல் விடாது. இரண்டுக்கும் பெயர் வைத்தவள் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவாள். பெண் பார்க்கப் போன அன்று என் விஷயத்தில் மட்டும் கணக்கு எப்படியோ தவறிவிட்டது, அதை இன்றுவரை திருத்திக்கொண்டிருக்கிறாள்.

நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அங்கே ஒரு விதி உண்டு. இயந்திரத்துக்குள் கையை விட்டு வேலை செய்கிறவன், முதலில் அதன் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட வேண்டும். சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை செய்கிறவன் கையில்தான் சாவி, வேறு யார் கையிலும் கிடையாது. ஒருமுறை முதலாளியே வந்து பூட்டைத் திறக்கச் சொல்லிக் குதித்தார். பூட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்த ஃபிட்டர் வாயைத் துடைத்துக்கொண்டு வரும்வரை அவரை நான் வெயிலில் நிற்க வைத்தேன். இந்த வீரக் கதையை வீட்டில் பல தடவை சொல்லியிருக்கிறேன். மனைவி ஒவ்வொரு தடவையும் பொறுமையாக 'உம்' கொட்டுவாள். அதைப் பாராட்டு என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். என் திடீர் ஜீவகாருண்யத்துக்குக் காரணம் நாயும் இல்லை, பூனையும் இல்லை. ஒரு டப்பா.

வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்த சாக்லேட் டப்பா அது. உள்ளே தங்க நிறக் காகிதம் சுற்றிய உருண்டைகள். அது வந்து இறங்கிய வாரமாகப் பார்த்தா டாக்டர் என் ரத்தத்தில் சர்க்கரையைக் கண்டுபிடிக்க வேண்டும்? "இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்காதீர்கள்" என்றார். நான் அரைகுறையாகக் கேட்டதை மனைவி முழுசாகக் கேட்டுக்கொண்டாள். டப்பா சமையலறையின் மேல் அலமாரிக்குப் போனது. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரே ஒரு உருண்டை. அதற்காக நான் ஏங்கிய ஏக்கத்தை வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

அலமாரிக்குப் பூட்டு கிடையாது. அதனால் என்ன பிரயோஜனம்? கதவு கிரீச்சென்றால் போதும், எங்கோ தூங்கிக்கொண்டிருக்கும் மேனேஜர் நாலுகால் பாய்ச்சலில் வந்து குரைக்கும். ஆடிட்டர் மேடைமேல் ஏறி உட்கார்ந்து என் விரல்களையே பார்க்கும். அடுத்த நிமிடம் வாசலில் மனைவி நிற்பாள்.

"என்னங்க தேடுறீங்க?"

"தண்ணி."

"மேல் அலமாரியிலயா?"

அப்புறம்தான் அந்தத் திட்டம் உதித்தது. நாய்க்குச் சாக்லேட் விஷம். இது நான் கட்டிவிட்ட கதை அல்ல, மிருக வைத்தியரே சொன்னது. விஷத்தைப் பூட்டி வைக்க வேண்டும். பூட்டினால் சாவி பாதுகாப்பு அதிகாரியிடம் இருக்க வேண்டும். இந்த வீட்டில் பாதுகாப்பு அதிகாரி யார்? எனக்கே கூச்சமாக இருந்தது. கூடவே சமையலறை வாசலில் குட்டையாக ஒரு கதவு போட்டுவிட்டால் மேனேஜர் உள்ளே வந்து காட்டிக்கொடுக்க முடியாது.

தொழிற்சாலைத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, டார்ச்சும் கையுமாகச் சமையலறைக்குள் நுழைந்தேன். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க தொப்பி? கூரை விழப்போகுதா?"

"ஆய்வும்மா, ஆய்வு. இதெல்லாம் ஒரு சமையலறையா? அந்த அடுப்புத் திருகைப் பாரு. ஆடிட்டர் லேசா உரசினாப் போதும், காஸ் திறந்துக்கும்."

"நேத்து திறந்துபோட்டுட்டுப் போனது நீங்க."

"தரையைப் பாரு, எப்படி வழுக்குது! மேனேஜர் விழுந்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"போன மாசம் விழுந்ததும் நீங்கதான்."

"பேச்சை மாத்தாதே. குப்பைக் கூடைக்கு மூடி இல்ல. நீ நறுக்குற வெங்காயமே நாய்க்கு ஆகாது. சாக்லேட்னா கேக்கவே வேணாம், உயிருக்கே உலை!"

கத்தி நின்றது.

"சாக்லேட்டா?"

"பொதுவா சொல்றேன்."

"ஓ, பொதுவா." அவள் மேல் அலமாரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்றது சரிதாங்க. பாவம், வாயில்லா ஜீவன்கள். பூட்டித்தான் வைக்கணும்."

இருபது வருடத்தில் அவள் என்னிடம் 'நீங்க சொல்றது சரி' என்று சொன்னதே இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் என் புத்தி தங்கக் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"ஆனா ஒண்ணுங்க" என்றாள். "பாதுகாப்பு மட்டும் இருந்தாப் போதுமா? அதுங்களுக்கு வசதியும் வேணாமா?"

"தாராளமா செய். என்ன வசதி?"

"அதை நான் பார்த்துக்கறேன். நீங்க பூட்டைப் பாருங்க."

கார்ப்பென்டர் வந்தார். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, அதனால் பகலில் மனைவியின் மேற்பார்வை. சாயங்காலம் நான் வந்து தலைக்கவசத்தோடு மேற்பார்வையை மேற்பார்வை பார்த்தேன். அடுப்புத் திருகுகளுக்கு மூடி வந்தது. தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு வந்தது. மேடையின் கூர் முனைகளை வளைவாக இழைத்தார்கள். காலால் மிதித்தால் மட்டும் திறக்கிற குப்பைக் கூடை வந்தது. மேல் அலமாரிக்கும் சமையலறை வாசல் கதவுக்கும் பூட்டு. இரண்டுக்கும் ஒரே சாவி போதும், அவசரத்தில் குழப்பம் கூடாது என்று நான்தான் சொன்னேன். எப்பேர்ப்பட்ட முன்யோசனை பாருங்கள்.

ஒரு விஷயம்தான் உறுத்தியது. குட்டைக் கதவு குட்டையாக இல்லை. என் மார்பு உயரம் இருந்தது.

"என்னப்பா இது? முழங்கால் உயரம்தானே சொன்னேன்?"

"அம்மாதான் சார் ஏத்தச் சொன்னாங்க. வீட்டுல ஒண்ணு தாண்டிக் குதிக்குமாம்."

"பூனையைச் சொல்றாங்க."

"நானும் பூனையாம்மான்னு கேட்டேன் சார். சிரிச்சாங்க." அவர் ஆணிகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேலை முடிந்த அன்று 'அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை எழுதி, கதவில் நானே என் கையால் மாட்டினேன். உள்ளே மனைவி கைக்குட்டையால் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே நின்றபடி, கதவுக்கு மேலாகக் கையை நீட்டினேன்.

"சாவியைக் குடும்மா."

"எதுக்குங்க?"

"எதுக்கா? பாதுகாப்பு அதிகாரி நான்தானே!"

"உங்க ஃபேக்டரில சாவி பாதுகாப்பு அதிகாரிகிட்டயா இருக்கும்?"

"இல்லை, அது வந்து..."

"வேலை செய்யறவங்க கையிலதான் சாவி. முதலாளியே வந்து குதிச்சாலும் குடுக்கக் கூடாது. நீங்கதானே சொல்வீங்க? நான் 'உம்' கொட்டிக் கேட்டேனே."

"அது இயந்திரத்துக்கும்மா!"

"சரி, இந்தச் சமையலறையில வேலை செய்யறது யாரு?"

தொழிற்சாலையில் அத்தனை பேருக்கும் விதியைப் பாடமாக எடுத்தவன் நான். எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் அதில் ஓட்டை இல்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"அப்படின்னா நாளையிலேர்ந்து நானே சமைக்கிறேன்!"

"ரொம்ப சந்தோஷம்ங்க. மூணு வேளையும் சமைச்சு, பாத்திரமும் கழுவிட்டு, சாவியை நீங்களே வச்சுக்குங்க. டப்பாவை மட்டும் எங்க அம்மா வீட்டுல குடுத்துடறேன்."

சாவி அவள் இடுப்புக்குப் போனது. எனக்கு அழுகை வராத குறை. சரி, ஒரு ஆறுதலாவது இருக்கிறது, மேனேஜரும் என்னோடு வெளியேதான் கிடக்கப் போகிறது என்று திரும்பினேன். மேனேஜர் என்னைக் கடந்து போய்க் கதவின் அடிப்பாகத்தை மூக்கால் முட்டியது. அங்கே நான் கவனித்தே இராத ஒரு சின்னத் தொங்கு பலகை உள்பக்கமாகத் திறந்தது. மேனேஜர் உள்ளே போனது. அதன் பின்னாலேயே ஆடிட்டரும் நுழைந்து, திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

எட்டிப் பார்த்தேன். அலமாரிக்கு நேர் கீழே மேனேஜருக்குப் பஞ்சு மெத்தை. ஜன்னலோரம் ஆடிட்டருக்கு வெயில் காய ஒரு பலகை. பக்கத்திலேயே தண்ணீர்க் கிண்ணங்கள். இதுதான் அவள் சொன்ன வசதி.

"இது அநியாயம்! நாயும் பூனையும் உள்ளே, நான் வெளியேயா?" என்று கத்திக்கொண்டே பூட்டைப் பிடித்து இழுத்தேன். மெத்தையில் படுத்திருந்த மேனேஜர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் குரைத்தது.

மனைவி நிதானமாகக் கிண்ணங்களை எடுத்தாள். ஒன்றை மேனேஜர் முன்னால் வைத்தாள். ஒன்றை ஆடிட்டர் முன்னால் வைத்தாள். மூன்றாவதில் வெள்ளரித் துண்டுகளைப் போட்டு, கதவுக்கு மேலாக என்னிடம் நீட்டினாள்.

"கத்தாதீங்க. அதுங்க ரெண்டும் ஒரே நாள்ல பழகிடுச்சு, நீங்களும் பழகிடுவீங்க."